பெரியவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு முதுகலைப் பட்டமா?

காரைக்குடியைச் சுற்றிப் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிற இடங்களை எண்ணினால் கைவிரல் போதாது. மகளிர் குழுக் கூட்டத்தில் கணக்கு நோட்டு எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் நடக்கிறது. மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூத்த நர்ஸ் வகுப்பு எடுக்கிறார். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு விவசாயிகள் பயிற்சிக்கு வருகிறார்கள். சாயங்காலம் எங்காவது ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் எழுத்தறிவு வகுப்பும் நடக்கும். இதையெல்லாம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் தங்களை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. பயிற்றுநர், தன்னார்வலர், சூப்பர்வைசர் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அட்மிஷன் சமயத்தில் ‘வயதுவந்தோர் கல்வி எம்.ஏ.’, ‘வாழ்நாள் கற்றல்’ என்றெல்லாம் படிப்புகள் கண்ணில் படும்போது குழப்பம் வருவது இதனால்தான். இது முதியோர் பள்ளியில் சேர்ந்து படிப்பதா, முதியோருக்கு நடத்துவதற்காகப் படிப்பதா? பி.எட். முடித்தவருக்கு இது எதற்கு? படித்தால் வேலை உண்டா? அடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

பெயர்கள்

1. முதியோர் கல்வி, வயதுவந்தோர் கல்வி: இரண்டும் ஒன்றுதான். பழைய பெயரைக் கேட்டால் தள்ளாத வயதுக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள், அதனால் புதிய பெயர். அரசுத் திட்டங்களில் 15 வயதைத் தாண்டிய, பள்ளிப் படிப்பு கிடைக்காத எல்லோரும் இதில் அடங்குவர்.

2. தொடர்கல்வி: ஓரளவு படித்தவர் பிறகு கற்பது. தட்டச்சு முடித்தவர் டேலி கற்பதும் இதுதான், மருத்துவர் புதிய சிகிச்சை முறையைப் பயில்வதும் இதுதான்.

3. வாழ்நாள் கற்றல்: மேலே சொன்ன இரண்டையும் உள்ளடக்கிய பெரிய குடை. பல்கலைக்கழகத் துறைகள் பல இன்று இந்தப் பெயருக்கு மாறிவிட்டன.

4. ஆண்ட்ரகாஜி: பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறை பற்றிய இயல். 1833-இல் அலெக்சாண்டர் காப் என்ற ஜெர்மன் ஆசிரியர் எழுதிய சொல் இது. நெடுங்காலம் கிடப்பில் கிடந்ததை 1960-களின் இறுதியில் அமெரிக்கர் மால்கம் நோல்ஸ் எடுத்துப் பரப்பினார்.

நாம் பேசும் முதுகலைப் படிப்பு முதல் மூன்றையும் நடத்துகிறவர்களுக்கானது. கற்றுக்கொள்ள வரும் பெரியவருக்கும் இந்தப் பட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

பி.எட். எங்கே நின்றுவிடுகிறது

பி.எட். பள்ளிக்கூடத்துக்கான தொழிற்படிப்பு. ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் அதற்கு விதி வகுக்கிறது. மாணவருக்கு வயது இத்தனை, பாடத்திட்டம் இது, தேர்வு இந்த மாதம் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவாகி இருக்கும். வகுப்புக்கு வராத பையனை வீட்டிலிருந்து அனுப்பிவைப்பார்கள். பெரியவருக்கு இதில் எதுவும் பொருந்தாது. பிடிக்காவிட்டால் மறுநாள் வரமாட்டார், ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டார்.

ஆனால் பெரிய வித்தியாசம் வேறு. குழந்தைக்குத் தெரியாததைத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறோம். பெரியவருக்கோ பாதி ஏற்கெனவே தெரியும், அதுவும் வேறு மொழியில் தெரியும். வட்டியை எடுத்துக்கொள்வோம். வட்டி தெரியாத ஊரா செட்டிநாடு!

மகளிர் குழுவுக்கு வங்கிக் கடன் பற்றி வகுப்பு எடுக்க வருகிறவர் பலகையில் ‘ஆண்டு வட்டி 12 சதவீதம்’ என்று எழுதிவிட்டு, அசல் பெருக்கல் வட்டி வீதம் பெருக்கல் காலம் வகுத்தல் நூறு என்று ஆரம்பிக்கிறார். எதிரே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். எட்டாம் வகுப்பு ஞாபகம் சிலருக்கு வரும், பலருக்கு வராது. இதே பெண்களிடம் ‘நூற்றுக்கு ரெண்டு ரூபா வட்டிக்குப் பத்தாயிரம் வாங்கினால் மாதம் எவ்வளவு’ என்று கேட்டால், கேட்ட வாய் மூடுவதற்குள் இருநூறு என்று பதில் வந்துவிடும். ஊர் வழக்கில் வட்டி மாதக் கணக்கு, வங்கி வழக்கில் ஆண்டுக் கணக்கு. 12 சதவீதம் என்பது அவர்கள் கணக்கில் ஒரு ரூபாய் வட்டி. இந்த ஒரு வரியில் தொடங்கினால் பாதி வகுப்பு முடிந்தது.

மீதிப் பாதிதான் அவர்களுக்குத் தெரியாதது, அங்கேதான் பயிற்றுநர் தேவைப்படுகிறார். பத்தாயிரம் கடன், 12 மாதத் தவணை, 12 சதவீதம் நிலையான வட்டி என்றால் வட்டி மொத்தம் 1,200. மாதம் 833 ரூபாய் அசல், 100 ரூபாய் வட்டி, ஆகத் தவணை 933. கேட்க ஒரு ரூபாய் வட்டி மாதிரிதான் இருக்கிறது. ஏழாவது மாதம் வரும்போது அசலில் பாதி கட்டியாகிவிட்டது. நிற்பது ஐயாயிரம்தான், வட்டி மட்டும் அதே நூறு. ஐயாயிரத்துக்கு நூறு என்றால்? ‘ரெண்டு ரூபா வட்டியாச்சே!’ என்று யாராவது சொல்வார்கள். கடைசி மாதம் நிற்பது 833 ரூபாய், அதற்கும் நூறு. ஆக இது குறைந்துவரும் அசலுக்கான வட்டியாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம். சூத்திரம் எதுவும் எழுதாமலே நிலையான வட்டிக்கும் குறையும் வட்டிக்கும் உள்ள வேறுபாடு வகுப்பிலிருந்தே வெளிவருகிறது.

கணக்கு தெரிந்த யாரும் முதல் மாதிரி வகுப்பை நடத்திவிடலாம். இரண்டாவது மாதிரிக்குக் கணக்கு மட்டும் போதாது. எதிரே இருப்பவருக்கு எது, எந்த வடிவில் தெரியும் என்று முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். முதுகலைப் படிப்பின் மையம் இந்த விசாரிப்புதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவது.

காலம் சுருங்கும்போது

‘எங்க அப்பா எந்த எம்.ஏ. படிச்சவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டார்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவார். ஒரு முறை போனால் மூன்று ஆண்டுக் கணக்கு. பேரேடு எழுதவும் ஆளை எடைபோடவும் யாரும் உட்காரவைத்து நடத்தவில்லை, பக்கத்தில் இருந்தே படிந்தது. மேலாளுக்குக் கற்பிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, கூட இருந்த காலம் கற்பித்தது.

இன்று அந்தக் காலம் கிடையாது. திறன் பயிற்சி 30 நாள், சில இடங்களில் 10 நாள். ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கான வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கி எடுத்த பிறகு உலர்ந்த சிமென்ட், மணலைத் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் கிடக்க வேண்டும். கண்ணாடி விட்டதும் பளபளப்பு தெரியும். பார்க்க ஐந்து நிமிட வேலை. புதியவர் போட்டால் அச்சைத் தூக்கும் கணத்தில் கை லேசாகச் சாய்ந்து சிவப்பு பச்சைக்குள் போய்விடும். ஏன் என்று கேட்டால் பழகிய கைக்காரர் ‘கை பழகணும்’ என்பார். அவர் மறைக்கவில்லை, கைக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவர யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

30 நாளில் அந்தக் கையைப் பழக்க வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து அந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்: கலவையின் பதம், ஊற்றும் வரிசை, அச்சைப் பிடிக்கும் இடம், தூக்கும் கோணம். எந்தத் துண்டில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள் என்று குறித்து, அதற்கு மட்டும் தனியாகப் பத்து முறை பயிற்சி வைக்க வேண்டும். இதற்கு வேலைப் பகுப்பாய்வு என்று பெயர். மூன்று ஆண்டு தானாகச் செய்ததை 30 நாளில் திட்டமிட்டுச் செய்வதற்குத்தான் பயிற்றுநருக்கே பயிற்சி வேண்டியிருக்கிறது.

படிப்பில் என்ன இருக்கும்

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தாள்களின் பெயர் மாறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் இவைதான்.

1. பெரியவர் எப்படிக் கற்கிறார். நோல்ஸ் சொன்னவை இங்கே வரும்: பெரியவர் தன்னைத் தானே நடத்திக்கொள்பவர், அனுபவத்தோடு வருகிறார், வாழ்க்கையில் உடனே தேவைப்படுவதைக் கற்கத் தயாராக இருக்கிறார், பாடத்தைவிடப் பிரச்சினை அவருக்கு முக்கியம், உள்ளிருந்து வரும் உந்துதல் வலுவானது. இவற்றை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நோல்ஸே இவற்றை அனுமானங்கள் என்றுதான் சொன்னார். 1970-இல் வந்த தன் நூலின் துணைத்தலைப்பில் குழந்தைக் கல்விக்கு எதிராக இதை நிறுத்தியவர், 1980 பதிப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதையாக மாற்றிக்கொண்டார். எதுவுமே தெரியாத துறையில் கால் வைக்கும் பெரியவரும் குழந்தை மாதிரி ‘நீங்களே சொல்லுங்க’ என்றுதான் உட்காருகிறார்.

2. யாருக்காகக் கல்வி. இது பிரேசில்காரர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் கேள்வி. 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் முயற்சியால் பெயர் பெற்றவர். அவர் முறையில் அகரவரிசை பிறகுதான். ஆட்கள் தினம் பேசும் ஒரு சொல், உதாரணமாகச் செங்கல், முதலில் வரும். செங்கல்லைப் பற்றிப் பேச்சு, வீடு யாருடையது என்ற பேச்சு, அப்புறம் எழுத்து. 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டது. நம் பக்கத்தில் அவர் வகுப்பு நடத்தியிருந்தால் ‘வட்டி’ என்ற சொல்லில் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

3. தேவையறிதலும் பாடம் வடிவமைத்தலும். மேலே பார்த்த வட்டி வகுப்பும் ஆத்தங்குடிக் கல்லும் இந்தத் தலைப்பில் அடங்கும்.

4. மதிப்பீடு. டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகள் சொன்னார்: வகுப்பு பிடித்ததா, கற்றார்களா, நடைமுறையில் மாறினார்களா, அதனால் பலன் வந்ததா. நம் ஊர்ப் பயிற்சிகள் அனேகமாக முதல் படியிலேயே முடிந்துவிடுகின்றன. கடைசி நாள் ஒரு தாளைக் கொடுத்து ‘நன்று, மிக நன்று’ என்று டிக் வாங்கி, டீ, வடை, குரூப் போட்டோ. செல்போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்த வகுப்பு பலித்ததா என்று தெரிய, இரண்டு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குப் போய் இன்னும் மகனிடம்தான் போனைக் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அது மூன்றாவது படி.

5. களப்பணியும் ஆய்வும். தன் வகுப்பையே ஆராய்ந்து எழுதுவது. பட்டத்தின் மதிப்பு பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

பக்கத்து மாவட்டம் காட்டியது

செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ராயவரமும் நச்சாந்துபட்டியும் அந்தப் பக்கம்தான். 1978 அக்டோபர் 2-இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கமும் வந்தன. அதன் தொடர்ச்சியாகப் புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். வேடிக்கைக்காகச் செய்தது இல்லை அது. வகுப்புக்கு வரவும், தண்ணீர் எடுக்கவும், யார் பின்னாலும் உட்காராமல் சந்தைக்குப் போகவும் சைக்கிள் தேவையாக இருந்தது. தேவையைப் பிடித்ததால் எழுத்தும் கூட வந்தது. ஆண்ட்ரகாஜி என்ற சொல்லைக் கேள்விப்படாத தன்னார்வலர்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

அப்படியானால் பட்டம் எதற்கு என்று கேட்கலாம். அந்த இயக்கங்களின் அமைப்பைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மேலே கருத்தாளர்கள், நடுவில் முதன்மைப் பயிற்றுநர்கள், கீழே தன்னார்வலர்கள் என்று மூன்று அடுக்கு. மேலே சொன்னது கீழே வருவதற்குள் மோர் நீர்மோராகி, நீர்மோர் தண்ணீராகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. கீழே இருக்கும் தன்னார்வலர் முதுகலை படிக்கத் தேவையில்லை, ஆர்வமும் ஊர்ப் பழக்கமும் போதும். கைப்புத்தகத்தை எழுதுகிறவரும், பயிற்றுநர்களைப் பயிற்றுவிக்கிறவரும், எது பலித்தது என்று கணக்கெடுக்கிறவரும் படித்திருக்க வேண்டும். முதுகலைக்கான இடம் மேலடுக்கு.

2022-இல் தொடங்கி 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியதுதான். ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய், இலக்கு ஐந்து ஆண்டில் 5 கோடிப் பேர். எழுத்தறிவோடு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி எல்லாம் இதில் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் 21-ஆவது பகுதி முழுக்க இந்த விஷயம்தான். கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று அது சொல்கிறது, இன்ன பட்டம் கட்டாயம் என்று சொல்லவில்லை.

ஒரே பாடம், தனித்தனி வாசல்

துறைக்குத் துறை இதே பாடத்தை வேறு பெயரில் வைத்திருப்பது குழப்பத்துக்கு இன்னொரு காரணம்.

1. விவசாயிக்குச் சொல்லிக்கொடுப்பது ‘வேளாண் விரிவாக்கம்’. வேளாண் பல்கலைக்கழகங்களில் தனி முதுகலைப் பாடம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியதிலிருந்து இந்தப் படிப்புக்காரர்களுக்கு ஓர் இடம் உண்டு.

2. ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்குத் தனியாக ஓராண்டு கைவினைப் பயிற்றுநர் பயிற்சி.

3. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குச் சென்னைத் தரமணியில் 1964 முதல் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம்.

4. எம்.எஸ்சி. நர்சிங்கில் செவிலியர் கல்வி ஒரு தாள். மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு மருத்துவக் கல்வி முறை பற்றிய அடிப்படைப் பயிற்சி கட்டாயம்.

இவற்றில் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. வயதுவந்தோர் கல்வியில் எம்.ஏ. வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ. பயிற்றுநர் வேலைக்கு மனுப் போட முடியாது. எல்லா வாசலிலும் சொல்லித்தரப்படுவது ஏறக்குறைய ஒரே விஷயம் என்றாலும் நிலைமை இதுதான். துறைகள் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் யார் சேரலாம்

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். முதல் வேலை தேடும் 21 வயதுக்காரருக்கு இந்தப் பட்டம் அவ்வளவாக உதவாது. இதைக் காட்டினால்தான் வேலை என்கிற இடங்கள் குறைவு. பள்ளி ஆசிரியர் பணிக்கு இது பி.எட்.டுக்கு மாற்றும் ஆகாது. பல்கலைக்கழக வழி ஒன்று உண்டு: உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வில் 46 என்ற எண்ணுள்ள பாடம் வயதுவந்தோர் கல்வி, தொடர்கல்வி, ஆண்ட்ரகாஜி, முறைசாராக் கல்வி எல்லாம் சேர்ந்தது. முதுகலையில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) எடுத்தவர் எழுதலாம். ஆனால் அந்தத் துறைகளே எண்ணிக்கையில் சிறியவை.

ஏற்கெனவே பெரியவர்களுக்கு நடத்திக்கொண்டிருப்பவருக்குக் கதை வேறு. மகளிர் திட்டத்தில் பத்து வருடம் இருப்பவர், மருத்துவமனையில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் நர்ஸ், தொண்டு நிறுவனத்தில் பாடநூல் தயாரிப்பவர், ஓர் ஆலையின் பயிற்சிப் பிரிவில் இருப்பவர் ஆகியோருக்கு அன்றாடம் வகுப்பு கையில் இருக்கிறது. திங்கட்கிழமை படித்ததைச் செவ்வாய்க்கிழமை செய்து பார்க்கலாம். பதவி உயர்வுக்கு உதவுமா என்பது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது, அதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டியவை:

1. தொலைநிலை அல்லது ஆன்லைன் படிப்பு என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாடத்தை அந்தக் கல்வியாண்டில் நடத்த யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா? பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக அனுமதி இருந்தால் மட்டும் போதாது, பாடவாரியாகப் பார்க்க வேண்டும். தேசிய அளவில் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இந்தத் துறையில் முதுகலை வைத்திருக்கிறது. அதற்கும் இதே கேள்விதான்.

2. பட்டச் சான்றிதழில் பாடத்தின் பெயர் எப்படி அச்சாகும்? வேலை அறிவிப்பில் ‘வயதுவந்தோர் கல்வி’ என்றிருந்து சான்றிதழில் ‘வாழ்நாள் கற்றல்’ என்றிருந்தால், இணையானது என்று நிரூபிக்கும் அலைச்சல் உங்களுடையது.

3. களப்பணி எத்தனை நாள், எங்கே, யார் வந்து பார்ப்பார்கள்? ‘அறிக்கை எழுதிக் கொடுத்தால் போதும்’ என்று பதில் வந்தால், எத்தனை வகுப்பை நீங்களே நடத்த வேண்டும், அதில் எத்தனையை ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார் என்று திரும்பக் கேளுங்கள்.